சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவது எப்படி?

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் வாயில் அதிகம் அடிபடும் சொல் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்: சீரணம். கல்யாண விருந்துக்கு மறுநாள் நெஞ்சு எரிந்தால் சீரணம் ஆகவில்லை. வயிறு உப்பினால் சீரணக் கோளாறு. இரண்டு நாள் வெளியே போகாவிட்டாலும் அதுதான், ஒரே நாளில் பத்துத் தடவை போனாலும் அதுதான். பிள்ளை இளைத்தால், ரத்தம் குறைந்தால், முடி கொட்டினால்கூட, "சீரணத்துக்கு ஒண்ணு குடுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

போன ஆடி மாதம் பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் வந்தார்.

"தம்பி, பேத்தி நல்லாத்தான் சாப்பிடுறா. காலையில நாலு இட்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்தா பணியாரம், ராத்திரிக்குத் தோசை. ஒண்ணும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது. சீரணத்துக்கு நல்ல டானிக்கா ஒண்ணு குடு."

"டானிக் வேண்டாம் ஆச்சி. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி, ரத்தம் பாத்துட்டு வாங்க."

"மருந்துக்கடையில உக்காந்துக்கிட்டு மருந்து வேண்டாங்கிற. நல்லா யாவாரம் பாக்குற, போ."

அவர் போன பிறகும் அந்த "ஒட்டவில்லை" என்ற சொல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆச்சி சரியான சொல்லைச் சொல்லிவிட்டுத் தவறான மருந்தைக் கேட்டார். சீரணம் ஆவது ஒரு வேலை. ஒட்டுவது வேறொரு வேலை. இரண்டும் வேறு இடத்தில், வேறு விதமாக நடக்கின்றன. கெட்டுப்போவதும் வேறு வேறு காரணங்களால். அன்றைக்குக் கடையில் கூட்டம், விளக்கிச் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

தெருவிலிருந்து தெருவுக்கு ஒரு வீடு

எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பில் நின்றால் வாசலுக்கு வாசல் நேராகக் கடைசிக் கட்டு வரை தெரியும். நடுவில் வளவு. மேலே திறந்த வானம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்கு அப்பால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி.

இப்போது ஒருவர் முன்வாசலில் நுழைகிறார். வளவு வழியாக நடக்கிறார். பின்வாசலில் வெளியேறிவிடுகிறார். வீட்டுக்குள் போய்வந்தார் என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் எந்த அறைக்குள்ளும் கால் வைக்கவில்லை. வளவைக் கடக்கும்போது மழை பெய்திருந்தால் நனைந்திருப்பார். ஒரு கணக்கில் அவர் கடைசிவரை வெளியில்தான் இருந்தார்.

நம் உணவுப்பாதை இப்படிப்பட்ட வளவுதான். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிற ஒரே குழாய். குழாயின் உட்பக்கம் உடம்புக்கு உள்ளே இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வெளியுலகம் நமக்குள் நீண்டிருக்கும் ஒரு பாதை. குழந்தை ஒரு ரூபாய் நாணயத்தை விழுங்கி, இரண்டு மூன்று நாளில் அது அப்படியே வெளியே வந்ததைச் சிலர் பார்த்திருப்பார்கள். அந்த நாணயம் குழந்தையின் உடம்புக்குள் போகவே இல்லை, வளவைக் கடந்தது, அவ்வளவுதான். (பொம்மையில் போடும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் மட்டும் வெளியே வரும் என்று காத்திருக்கக் கூடாது. அது தொண்டைக் குழாயிலேயே புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

நான்கு இட்லியும் தட்டிலிருந்து வயிற்றுக்குப் போனதோடு வளவுக்குத்தான் வந்திருக்கின்றன. அறைக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, அதாவது ரத்தத்துக்கும் தசைக்கும் எலும்புக்கும், இன்னும் ஒரு பருக்கை போய்ச் சேரவில்லை.

மூட்டையைப் பிரிப்பது சீரணம்

வளவுக்கு ஒரு மூட்டை அரிசி வருகிறது. அறைக் கதவோ மிகச் சிறியது, கைப்பிடி அளவுதான் உள்ளே போகும். அப்படியானால் முதலில் மூட்டையைப் பிரிக்க வேண்டும். இந்தப் பிரிக்கும் வேலைக்குப் பெயர்தான் சீரணம்: பெரிய உணவு மூலக்கூறுகளைச் சின்னச் சின்னதாக உடைப்பது. உடைக்கும் கருவிகளுக்கு நொதிகள் என்று பெயர். நொதி ஒரு புரதம். ஒவ்வொரு நொதிக்கும் உடைக்கத் தெரிந்தது ஒரே வகை முடிச்சு. இட்லியில் இருக்கும் மாவுச்சத்தை ஒரு நொதி உடைக்கத் தொடங்கும், வேறு சில அதைக் குளுக்கோஸ் வரை கொண்டுபோய் முடிக்கும். உளுந்தின் புரதத்தை உடைக்க வேறு ஆட்கள். நல்லெண்ணெயை உடைக்கக் கணையத்து நொதி போதாது. கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கப் பித்தநீரும் வேண்டும்.

பிரித்துப் போட்டதைக் கதவு வழியாக அறைக்குள் கொண்டுபோவது இரண்டாவது வேலை. அதற்குப் பெயர் உறிஞ்சுதல். ஆச்சி சொன்ன "ஒட்டுவது" இதுதான். இது பெரும்பாலும் சிறுகுடலில் நடக்கிறது. இரைப்பையில் உறிஞ்சப்படுவது மிகக் கொஞ்சம். எல்லாரும் வயிற்றைத் தொட்டுக் காட்டித்தான் சீரணம் என்கிறார்கள், ஆனால் பெரிய வேலை அதற்குக் கீழேதான் நடக்கிறது.

என் யாவாரத்துக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன். கடையில் விற்கும் "சீரண டானிக்" பலவற்றில் இருப்பது ஒன்றிரண்டு நொதிகள். மூட்டை பிரிக்கிற ஆளே குறைந்துபோனவருக்குத்தான் அதனால் பயன் இருக்க முடியும். அப்படிப்பட்டவர்கள், உதாரணத்துக்குக் கணையம் கெட்டவர்கள், டாக்டர் அளந்து எழுதும் வீரியமான நொதி மாத்திரை சாப்பிடுவார்கள். மற்ற பெரும்பாலோருக்கு நொதிக்குப் பஞ்சமே இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவு: விழுங்கியது வளவுக்கு வந்திருக்கிறது, உடம்புக்குள் வரவில்லை. அதை உடைப்பது சீரணம். உடைத்ததைக் குடல் சுவர் வழியாக உள்ளே எடுப்பது உறிஞ்சுதல்.

கண்டாங்கியும் டர்க்கி டவலும்

உறிஞ்சுகிற சுவர் எப்படி இருக்கும்? கண்டாங்கிச் சேலைத் துணியில் ஒரு கைக்குட்டை அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் டர்க்கி டவல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சிந்திய தண்ணீரை எது அதிகம் இழுக்கும்? டவல்தான். காரணம் அதன் மேல் நிற்கும் நூல் கண்ணிகள். இடம் அதே இடம், ஆனால் தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்கு.

சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் ஜாதி. சுவர் முழுக்க ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர், பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு உறிஞ்சியின் மேலும் செல்கள் போர்த்தியிருக்கும். அந்தச் செல்களின் விளிம்பிலும் அதைவிட நுண்ணிய மயிரிழைகள். எல்லாவற்றையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, அது மிகை, மொத்தம் 30 சதுர மீட்டரை ஒட்டித்தான் வரும், பாதி பேட்மிண்டன் மைதானம் என்றார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், அடிக்கு அடி ஆத்தங்குடிக் கல் பதிக்க முந்நூறு சொச்சம் கல் பிடிக்கும். ஒரு ஆள் வயிற்றுக்குள் அதுவே பெரிய கூடம்தான்.

இந்தப் போர்வைச் செல்களுக்கு ஆயுசு குறைவு. மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் பழையது உதிர்ந்து புதியது வந்துவிடும். சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில நாளில் நாம் பழையபடி ஆகிவிடுவது இதனால்தான். ஆனால் உதிரும் வேகத்துக்கு முளைப்பது ஈடுகொடுக்காவிட்டால் உறிஞ்சிகள் குட்டையாகி, கடைசியில் மழுங்கிப் போகும். டர்க்கி டவல் கண்டாங்கி ஆகிவிடும். சாப்பிடுவது அதே அளவு, சீரணமும் நடக்கிறது, ஆனால் ஒட்டாது. இதைத்தான் மருத்துவர்கள் உறிஞ்சல் குறைபாடு என்கிறார்கள்.

எந்த அறையில் எது?

எல்லாச் சத்தும் எல்லாக் கதவு வழியாகவும் போவதில்லை. இரும்புச்சத்து இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் ஏறிவிடும். ஃபோலிக் அமிலம் அதையும், அதற்கு அடுத்த நடுச்சிறுகுடலையும் நம்பியிருக்கிறது. பி12 என்ற வைட்டமின் கடைசிக் கட்டு வரை நடந்து, பின்சிறுகுடலின் முடிவில்தான் உள்ளே போகும்.

இந்த பி12 கொஞ்சம் வீறாப்புக்காரன். தனியாகப் போனால் கதவு திறக்காது. இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வர வேண்டும். அதற்கு உள்காரணி என்று பெயர். இரைப்பையை வெட்டி எடுத்தவர்களுக்குத் துணை ஆள் இல்லை. பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்குக் கதவே இல்லை. இரண்டு பேருக்குமே சாப்பாட்டில் வரும் பி12 போதிய அளவு ஏறாது, அதனால் ஊசி போடுகிறார்கள். ஊசி என்பது வளவுப் பக்கமே வராமல் நேராக அறைக்குள் சாமானை இறக்குவது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கும் பி12 உள்ளே போவது குறையும். கல்லீரலில் சில வருடங்களுக்கான கையிருப்பு இருப்பதால் குறை வெளியே தெரியவும் வருடங்கள் ஆகும். கால் எரிச்சலைச் சர்க்கரை மேலேயே போட்டுவிட்டு இருக்கும் வாடிக்கையாளர்களிடம் டாக்டரிடம் ஒருமுறை பி12 பற்றிக் கேட்கச் சொல்வேன்.

ஆக, ஒட்டாமல் போக மூன்று வழி. மூட்டை பிரியாமல் போகலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நடப்பது அது. பால் சர்க்கரையை உடைக்கும் நொதி குறைந்தால் அந்தச் சர்க்கரை வளவிலேயே தங்கி, தண்ணீரை இழுத்து, பெருங்குடல் கிருமிகளிடம் போய் வாயுவாகும். தயிரிலும் மோரிலும் கிருமிகளே பாதி வேலையை முடித்துவிடுவதால் அவை பலருக்கு ஒத்துக்கொள்கின்றன. இரண்டாவது, சுவரே மழுங்கிப் போவது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட சத்துக்கான கதவு மட்டும் அடைபடுவது.

வேலூர்க் கிராமங்களில் பார்த்தது

சுவர் மழுங்குவதைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் ஒரு பெரிய பங்கு நம் தமிழ்நாட்டில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் 1960-களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு நோயைத் துரத்திக்கொண்டு போனார்கள். வயிற்றுப்போக்கு நிற்காமல் மாதக்கணக்கில் தொடரும். ஆள் இளைத்து, நாக்கு புண்ணாகி, ரத்தம் குறைந்துபோகும். ஒரே கிராமத்தில் பலருக்கு அலையலையாக வந்தது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். குடலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உறிஞ்சிகள் மழுங்கியிருக்கும். ஃபோலிக் அமிலமும் பி12-ம் ஏறாது. ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் பலர் தேறினார்கள். எனவே குடலில் தங்கிவிடும் கிருமிகளுக்கு இதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

அவர்கள் கவனித்த இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. நோயே இல்லாமல், வயலில் வேலை செய்துகொண்டிருந்த சாதாரண மக்களிலும் பலருக்கு உறிஞ்சிகள் மேல்நாட்டுக்காரர்களைவிடக் குட்டையாக இருந்தன. உறிஞ்சும் திறனும் கொஞ்சம் குறைவு. அசுத்தமான தண்ணீரும் சூழலும் திரும்பத் திரும்பக் குடலைச் சீண்டுவதன் விளைவு இது என்பதே இன்று பரவலான கருத்து. ஊரணித் தண்ணீரை யாரும் கால் நனைக்காமல் காத்துக் குடித்த எங்கள் பாட்டிமார்களுக்கு நொதியும் தெரியாது, உறிஞ்சியும் தெரியாது. ஆனால் குடி ஊரணியில் மாட்டை இறக்கினால் ஊரே கூடிவிடும்.

அதே கல்லூரியின் இரைப்பை, குடல் மருத்துவத் துறையில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பி.எஸ். ராமகிருஷ்ணா. நான் சொல்ல வந்த கதையின் மீதிப் பாதி அவருடைய கட்டுரைகளிலிருந்துதான்.

கோதுமை மேல் பழி

முதலில் கோதுமை. இப்போது பெரிய கடைகளில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டு இரண்டு மடங்கு விலையில் மாவு விற்கிறார்கள். வயிறு உப்புகிறது என்பதற்காக அதை வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள ஒரு புரதம். சிலருக்கு மட்டும் உடம்பின் காவல்படை அதை எதிரி என்று எண்ணிப் பாய்கிறது. அடி விழுவது குளூட்டனுக்கு அல்ல, பக்கத்தில் நிற்கும் குடல் சுவருக்கு. உறிஞ்சிகள் மழுங்கிவிடும். இந்த நோய்க்கு சீலியாக் என்று பெயர். இதில் கோதுமையின் பங்கை முதலில் உறுதியாகக் காட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்கே பஞ்சம். மற்றவர்கள் வாடியபோது சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள்.

நம் நாட்டில் இது எவ்வளவு பேருக்கு? ராமகிருஷ்ணாவும் பல ஊர் மருத்துவர்களும் சேர்ந்து 23,331 பேரைப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேர். தெற்கே ஆயிரத்துக்கு 0.11, அதாவது பத்தாயிரத்துக்கு ஒருவர். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூவரில் ஒருவருக்கும் சற்று மேல். வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

இதைப் படித்துவிட்டுச் சப்பாத்தியைத் தூக்கி எறிய வேண்டாம். மரபணு இருந்து, நிறையக் கோதுமை சாப்பிடுகிறவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. சந்தேகம் இருந்தால் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: சோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்துவது. நிறுத்திவிட்டால் ரத்தச் சோதனையில் அடையாளம் மறைந்துபோகும், டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது.

லாக்கருக்கு இரண்டு சாவி

இப்போது தண்ணீர். நாளொன்றுக்கு நாம் குடிப்பதும் சாப்பாட்டில் வருவதும் சுமார் 2 லிட்டர். அதோடு எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே வளவில் ஊற்றுவது 7 லிட்டர் வரை. மொத்தம் 9 லிட்டர். இதில் சிறுகுடல் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்; லிட்டர், ஒன்றரை லிட்டர்தான் பெருங்குடலுக்குப் போகும்; பெருங்குடலும் எடுத்தது போக வெளியேறுவது ஒரு டம்ளர்கூட இருக்காது.

தண்ணீருக்குத் தானாக நடக்கத் தெரியாது. உப்பு போகும் இடத்துக்கு அது பின்னால் போகும். உப்பு உள்ளே போவதற்குச் சிறுகுடலில் ஒரு விசேஷக் கதவு உண்டு. பேங்க் லாக்கர் மாதிரி அது. உங்கள் சாவி மட்டும் போதாது, மேனேஜர் சாவியும் வேண்டும். இங்கே ஒரு சாவி சோடியம், இன்னொன்று குளுக்கோஸ். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கதவு சுழலும், இரண்டும் ஒன்றாக உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர். 1960-ல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தக் கருத்தை முன்வைத்தார்.

காலரா வந்தால் அதன் நஞ்சு குடல் செல்களைத் தூண்டி உப்பையும் தண்ணீரையும் வளவில் கொட்ட வைக்கிறது. ஆனால் இரண்டு சாவிக் கதவை அந்த நஞ்சு தொடுவதில்லை. இந்த ஓட்டையில் பிழைத்ததுதான் ஓ.ஆர்.எஸ்: அளவான உப்பு, அளவான குளுக்கோஸ், தண்ணீர். 1971-ல் வங்க அகதிகள் முகாமில் ஊசி வழியாக ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் இதைக் கரைத்துக் கொடுக்க வைத்தார். சாவு நூற்றுக்கு முப்பது என்ற கணக்கிலிருந்து நான்குக்கும் கீழே இறங்கியது.

இன்றைய பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும், இன்னும் இரண்டு உப்புகள் கொஞ்சம். கடைக்காரனாக இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட்டும் விற்கிறது, 200 மில்லிக்கான சின்னதும் விற்கிறது. பெரியதை வாங்கிப்போய் ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அப்படிக் கொடுத்தால் உப்பும் சர்க்கரையும் மிதமிஞ்சிப் போய், வளவில் இருக்கும் தண்ணீரை உள்ளே அனுப்புவதற்குப் பதில் உடம்பிலிருந்து இன்னும் இழுக்கும். பாக்கெட்டில் அச்சடித்த அளவுதான் மருந்து. கூடுதல் இனிப்போடு அட்டைப் பெட்டியில் வரும் பழச்சாறுப் பானங்கள் அதற்கு ஈடாகாது.

ஒட்டாததால் வந்த லாபம்

ஓ.ஆர்.எஸ்-க்கு ஒரு குறை உண்டு. போன தண்ணீரை ஈடுகட்டும், உயிரைக் காக்கும், ஆனால் பேதியின் அளவையோ நாளையோ அதிகம் குறைக்காது. "குடுத்தும் நிக்கலையே" என்று தாய்மார்கள் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ராமகிருஷ்ணாவின் கவனம் பெருங்குடல் பக்கம் போனது. எல்லாரும் சிறுகுடலையே பார்த்துக்கொண்டிருந்தபோது பின்கட்டில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தார். பெருங்குடலில் கோடானுகோடிக் கிருமிகள் இருக்கின்றன. சிறுகுடலில் சீரணமாகாமல் தப்பி வரும் நாரையும் மாவையும் அவை புளிக்க வைக்கும். அதில் உண்டாகும் சிறிய அமிலங்களுக்குக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று நீளமான பெயர். பெருங்குடல் இவற்றை உறிஞ்சும்போது கூடவே சோடியத்தையும் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் பின்னால் வருகிறது. காலரா நஞ்சு அடைக்காத இன்னொரு கதவு இது. ராமகிருஷ்ணாவும் மாத்தனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, கடும் வயிற்றுப்போக்கில் பெருங்குடலும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை, இந்த அமிலங்களைக் கொடுத்தால் அது திரும்ப உறிஞ்சத் தொடங்குகிறது என்று காட்டியது.

சரி, அமிலத்தை எப்படிப் பெருங்குடலுக்கு அனுப்புவது? குடித்தால் வழியிலேயே சிறுகுடல் எடுத்துக்கொள்ளும். அதனால் அமிலத்தை அனுப்பாமல், அமிலம் செய்யத் தேவையான சரக்கை அனுப்பினார்கள். மசியாத மாவுச்சத்து என்று ஒன்று இருக்கிறது, ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்பார்கள். சிறுகுடல் நொதிகளுக்குப் பிடிகொடுக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் மாவு அது. ஒரு வகை மக்காச்சோளத்தில் நிறைய உண்டு.

வேலூரில் காலராவோடு வந்த 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். இன்னொன்றுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது. மூன்றாவதுக்கு 50 கிராம் மசியாத மக்காச்சோள மாவு சேர்த்தது. வழக்கமான ஓ.ஆர்.எஸ் குடித்தவர்களுக்குப் பேதி சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவுக்காரர்களுக்கு 71 மணி. மசியாத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி. இது 2000-ம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சிறுகுடலில் ஒட்டாமல் நழுவிப்போன மாவு, கடைசிக் கட்டில் உப்பையும் தண்ணீரையும் ஒட்ட வைத்தது. ஒட்டாததெல்லாம் வீண் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

உடனே அடுத்த கேள்வி வரும் என்று தெரியும்: பழைய சோறு? சோற்றை ஆறவைத்தால் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, மசியாத வகையாக மாறுவது உண்மை. சுடுசோற்றைவிட ஆறிய சோற்றில் அது அதிகம். ஆனால் வேலூரில் கொடுத்தது அளந்து எடுத்த, அதே வேலைக்கென்றே தேர்ந்த மாவு. பேதி போகும் குழந்தைக்கு வீட்டில் எதையாவது அரைத்து ஓ.ஆர்.எஸ்-ல் கலக்கும் யோசனை வேண்டாம். நல்ல உடம்போடு இருக்கும்போது காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிடுவதற்கு ஆராய்ச்சி எதற்கு?

சீரணம் என்று சொல்லி வருகிறவர்களில் சிலரை மட்டும் நான் டாக்டரிடம் விரட்டுவேன். காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள். வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்தைத் தாண்டியவர்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நிற்கிறது என்பவர்கள்; கொழுப்பு ஒட்டவில்லை என்பதற்கு அது நேரடி அடையாளம். இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்கள். வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளைகள்.

ஆச்சி இரண்டு வாரம் கழித்து வந்தார். பேத்தியைக் காட்டிவிட்டார்களாம். உயரம், எடை எல்லாம் வயசுக்குச் சரியாக இருக்கிறதாம், நெடுநெடுவென வளர்வதால் ஒல்லியாகத் தெரிகிறாள். ரத்தம் மட்டும் கம்மி. கையில் இரும்பு மாத்திரைச் சீட்டு.

"காலையில காபியோட குடுத்துரவா தம்பி?"

"காபி, டீயோட வேண்டாம் ஆச்சி, இரும்பை உள்ள விடாது. முன்னப் பின்ன ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கட்டும்."

"அவ குடிக்கிறது காபியா? பாலுல ரெண்டு சொட்டு டிக்காஷன்."

"பாலும் தடுக்கும்."

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப எதுலதான் முழுங்குறது?"

"தண்ணியில ஆச்சி. முடிஞ்சா அதுல ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு."